மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில், நீராவி இன்ஜின், மாடல் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை ரயில் மேல் எனக்குள்ள பிரியம் தெரிந்தவர்கள் ஊட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேசிவிடுகிறேன். பேசியதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

குன்னூரிலிருந்து ஊட்டி வரை ரயிலில் போய்விட்டோம். மலை ரயிலில் போயாயிற்று என்று வைத்துக்கொள்ளலாமா?

பாதிதான் போயிருக்கிறீர்கள். அதுவும் எளிதான பாதி.

மொத்தப் பாதை 46 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை முதல் 8 கிலோமீட்டர் பாக்குத் தோப்புகளின் நடுவே சமதளமாகப் போகும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அடுத்த 19 கிலோமீட்டர்தான் மலை ஏற்றம். இந்தத் தூரத்துக்குள் ரயில் சுமார் 1,300 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை இருப்பதும், நீராவி இன்ஜின் தள்ளிக்கொண்டு போவதும் இந்தப் பகுதியில்தான். குன்னூரில் பல் வரிசை முடிந்துவிடும், இன்ஜினும் மாறிவிடும். அங்கிருந்து ஊட்டி வரை டீசல் இன்ஜின்.

குன்னூர் – ஊட்டி பகுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. கேத்தி பள்ளத்தாக்கும் லவ்டேல் பக்கத்து மரங்களும் கண்ணுக்கு நிறைவானவைதான். ஆனால் 1899இல் இந்தப் பாதை திறந்தபோது உலகம் எதற்காக இதைத் திரும்பிப் பார்த்ததோ அது கீழே இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸில் ஊட்டிக்கு வந்து, ஒரு மணி நேரம் ரயிலில் குன்னூருக்கு இறங்கி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். ஒரே ஒரு நாளை ஒதுக்கி மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதைத்தான்.

‘பொம்மை ரயில்’ என்று சொல்கிறார்களே?

எல்லோரும் சொல்கிறார்கள், நான் சொல்வதில்லை. இதன் தண்டவாள அகலம் ஒரு மீட்டர். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து தென் மாவட்டங்களுக்கு ஓடிய ரயில்களெல்லாம் இதே அகலத்தில்தான் ஓடின. டார்ஜிலிங் ரயிலின் அகலம் 610 மில்லிமீட்டர், பார்க்கச் சின்னதாக இருக்கும். அங்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஒரு நியாயம் உண்டு. ஊட்டி மலை ரயிலை இழுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே பாயிலர் இருக்கும், தோள் உயரத்தில் சிலிண்டர் மூச்சுவிடும். பொம்மை என்ற சொல் வாயில் வராது.

நீலகிரிக்காரர்கள் ‘மலை ரயில்’ என்பார்கள். அந்தப் பெயர் போதும்.

பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது. இரண்டுக்கும் இடையிலான பிடிமானம் குறைவு. சமதளத்தில் இந்தக் குறைவுதான் வசதி. கொஞ்சம் சக்தியிலேயே ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்க முடிவது அதனால்தான். மலையில் இதே குணம் எதிரியாகிவிடும். சக்கரம் வழுக்கிச் சுற்றும், வண்டி நகராது.

கல்லாறுக்கு மேலே ஏற்றம் 12.28க்கு 1. அதாவது 12 மீட்டர் சொச்சம் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏறும். நடந்து ஏறும் நமக்கு இது பெரிய ஏற்றமாகத் தெரியாது. ரயிலுக்கு இது பெரும் ஏற்றம்.

இதற்கு ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர் 1882இல் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பதிப்பார்கள். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்கள் இந்தப் பற்களில் மாட்டி மாட்டி ஏறும். பட்டைகள் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் முழுப்பிடியில் இருக்கும். இழுப்பு வெட்டி வெட்டி வராமல் சீராக வரும். ஏணியில் ஏறுகிறவர் ஒரு கையை எடுக்கும்போது மறு கை பிடித்திருப்பது போல.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல் வரிசை தொடங்கும் இடத்தில் சக்கரத்தின் பல் நேராகப் பட்டையின் பல் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகத் தொடக்கத் துண்டை ஸ்பிரிங் மேல் வைத்திருக்கிறார்கள். சக்கரம் வந்து அழுத்தும்போது அது கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து, பல்லும் பள்ளமும் பொருந்திய பிறகு நிமிரும். கல்லாறு தாண்டியதும் ரயில் ஊர்ந்து ஊர்ந்து நுழைவதற்குக் காரணம் இதுதான். அந்த இடத்தில் காதைத் தீட்டி வையுங்கள். வண்டியின் சத்தமே மாறிவிடும்.

பல் வரிசையில் வேகம் அதிகபட்சம் மணிக்கு 13 கிலோமீட்டர். இந்தியாவில் பல்சக்கரத்தில் ஓடும் ரயில்பாதை இது ஒன்றுதான்.

ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை இதுவா?

பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12.28க்கு 1 என்றால் நூற்றுக்கு 8.14. ஜப்பானில் ஓய்காவா ரயில்வேயின் இகாவா பாதையில், 1990இல் அணைக்கட்டுக்காக மாற்றிப் போட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதுவும் ஆப்ட் முறைதான், ஏற்றம் நூற்றுக்கு 9. ஆகவே அந்தப் பட்டத்தை ஜப்பானுக்குக் கொடுத்துவிடலாம். அங்கே ஓடுவது மின்சார இன்ஜின். ஊட்டி ரயிலின் பெருமை செங்குத்தில் மட்டும் இல்லை, அதனால் நமக்கு இதில் நட்டமும் இல்லை.

இன்ஜின் ஏன் பின்னால் நின்று தள்ளுகிறது?

ஏறும்போது இன்ஜின் எப்போதும் பள்ளத்தின் பக்கம் இருக்க வேண்டும். பெட்டிகளை இணைக்கும் கொக்கி எங்காவது அறுந்தால், இழுத்துச் செல்லும் ரயிலில் பெட்டிகள் தனியாகப் பின்னோக்கி ஓடிவிடும். தள்ளிச் செல்லும் ரயிலில் அவை இன்ஜின் மேல் சாய்ந்து நிற்கும். இறங்கும்போதும் இன்ஜின் அதே பள்ளத்துப் பக்கம் முன்னால் நின்று, மொத்த ரயிலையும் தாங்கிக்கொண்டு வரும்.

அப்படியானால் ஏறும்போது முன்னால் யார் வழி பார்ப்பது? முதல் பெட்டியின் முன் மேடையில் பிரேக்ஸ்மேன் நிற்பார், கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. பெட்டியின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல் வரிசையைப் பிடிக்க ஒரு பிரேக் என்று இரண்டையும் அவர் பார்த்துக்கொள்வார். இன்ஜினில் இன்னும் பல பிரேக்குகள் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தது, இறக்கத்தில் சிலிண்டர்களையே பிரேக்காக மாற்றும் ஏற்பாடு. நீராவியை நிறுத்திவிட்டு, பிஸ்டன் காற்றை அழுத்தும்படி செய்வார்கள். அந்த எதிர் அழுத்தம் ரயிலைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். மேலே ஏற்றிய இயந்திரமே கீழே போகும்போது கடிவாளமாகிறது.

முதல் வகுப்பு டிக்கெட் கிடைத்தால் முன் பக்கம் இன்ஜின் இல்லாத காட்சி கிடைக்கும். கிடைக்காவிட்டால் கடைசிப் பெட்டியில் உட்காருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல இடம். இன்ஜின் உழைப்பதைப் பக்கத்திலேயே கேட்கலாம்.

எக்ஸ் வகை இன்ஜின் என்று பேசிக்கொள்கிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு?

இதைக் கேட்டால் நான் நிறுத்தாமல் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்எல்எம் என்ற தொழிற்சாலை இருந்தது. மலை ரயில் இன்ஜின் செய்வதில் உலகத்தில் அதற்கு இணை குறைவு. 1914 முதல் 1952 வரை 17 எக்ஸ் வகை இன்ஜின்களை அது நீலகிரிக்காகச் செய்து அனுப்பியது.

சாதாரண நீராவி இன்ஜினில் வெளியே இரண்டு சிலிண்டர் தெரியும், பக்கத்துக்கு ஒன்று. எக்ஸ் வகையில் பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஆக மொத்தம் நான்கு. கீழே உள்ளது உயர் அழுத்தச் சிலிண்டர். பாயிலரிலிருந்து வரும் நீராவி முதலில் அங்கே போய்ச் சாதாரணச் சக்கரங்களை உருட்டும். சமதளத்தில் இது மட்டும்தான் வேலை செய்யும். பிறகு நீராவி புகைக்கூண்டு வழியாக வெளியே போய்விடும்.

பல் வரிசைக்குள் நுழைந்ததும் டிரைவர் ஒரு வால்வைத் திருப்புவார். கீழே வேலை செய்து முடித்த அதே நீராவி இப்போது வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போகும். அதில் மிச்சமிருக்கும் அழுத்தம் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. பாயிலர் பெரிதாக வேண்டியதில்லை, தண்ணீரும் எரிபொருளும் மிச்சம். மலை மேல் தண்ணீர் கொண்டு போவதே ஒரு பாரம் என்று நினைத்தால் இந்த யோசனையின் அருமை புரியும்.

ரயில் மெதுவாகப் போகும்போது பக்கவாட்டில் பாருங்கள். கீழ்த் தண்டு நிதானமாக நகரும், மேல் தண்டு வேகமாகச் சுழலும். அதனால்தான் கேட்கும் தாளமும் இரட்டையாக இருக்கிறது. சமதளத்தில் ‘சக்கு சக்கு’ என்று ஒரே நடையில் வந்த வண்டி, கல்லாறு தாண்டியதும் இரண்டு பேர் சேர்ந்து உலக்கை போடுவது போல ஒலிக்கும். முதல் முறை அதைக் கேட்டபோது பத்து வயது இருக்கும் எனக்கு. பக்கத்தில் இருந்த பெரியப்பா, “இப்பத்தான்டா மலை ஆரம்பிக்குது” என்றார். நான் ஜன்னல் வழியாக மலையைத் தேடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

0-8-2 என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது என்ன?

சக்கரக் கணக்கு. முன்னால் உள்ள சிறு சக்கரங்கள், நடுவே இழுக்கும் சக்கரங்கள், பின்னால் உள்ள சிறு சக்கரங்கள் என்ற வரிசை. எக்ஸ் வகை 0-8-2. முன்னால் சிறு சக்கரம் கிடையாது, இழுக்கும் சக்கரம் எட்டு, பின்னால் இரண்டு. மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில், பயணிகள் ரயிலை இழுத்த ஒய்பி இன்ஜின் 4-6-2. சரக்குக்கு ஓடிய ஒய்ஜி 2-8-2. இழுக்கும் சக்கரம் அதிகம் என்றால் பிடிமானமும் அதிகம். பெரிய சக்கரமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தால் வேகம் அதிகம்.

இப்போதும் நிலக்கரியில்தான் ஓடுகிறதா?

பெரும்பாலும் எண்ணெய். நிலக்கரியின் தீப்பொறி பறந்து கோடைகாலத்தில் காடு பற்றிக்கொள்ளும் பயம் எப்போதும் இருந்தது. ஃபயர்மேன் மண்வெட்டியால் கரியை வாரிப் போட்டுக்கொண்டே ஏற்றத்தில் அழுத்தத்தைக் குறையாமல் காப்பதும் கொடிய உழைப்பு. எண்ணெயில் தீயை ஒரு வால்வால் கூட்டலாம், குறைக்கலாம்.

கரியின் வாசம் போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். ஆனால் ஓடாமல் கண்காட்சியில் நிற்பதைவிட எண்ணெயில் ஓடுவது ஆயிரம் மடங்கு மேல். எதை எரித்தாலும் சக்கரத்தைச் சுற்றுவது நீராவிதான்.

பொன்மலையில் புதிதாகச் செய்த இன்ஜின்கள் ஓடுகின்றனவாமே? புதியதை எப்படிப் பாரம்பரியம் என்று சொல்வது?

நல்ல கேள்வி. ரயில் பிரியர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு.

திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் நான்கு புதிய எக்ஸ் வகை இன்ஜின்களைச் செய்தது. 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்றையும் செய்து வெளியே விட்டது. யோசித்துப் பாருங்கள். இந்திய ரயில்வே தனது கடைசி அகலப் பாதை நீராவி இன்ஜினைச் சித்தரஞ்சனில் 1970இல் செய்தது, மீட்டர் கேஜில் 1972. அதற்கு 40, 50 ஆண்டுகள் கழித்து, ஸ்விஸ்காரர்கள் செய்த சிக்கலான நான்கு சிலிண்டர் இன்ஜினை நம் ஊர்த் தொழிலாளர்கள் முதலிலிருந்து செய்திருக்கிறார்கள்.

என் கருத்து இது. நீராவி இன்ஜினில் எந்தப் பாகமும் நிரந்தரம் இல்லை. பாயிலர் தேயும், குழாய்கள் அரிக்கும், சக்கர வளையம் கழன்று புதிது ஏறும். 1920களில் வந்த இன்ஜினிலும் அன்றைய இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கும்? பாகத்தைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகள் இருக்கும் வரைதான் அது உயிரோடு இருக்கும். கோயில் தேரில் அச்சு மாற்றினால் அதை வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை. பொன்மலையில் ஒரு புதிய இன்ஜின் செய்தார்கள் என்றால், அடுத்த தலைமுறைத் தொழிலாளி ஒருவர் அதைக் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம். எனக்கு அது பழைய இரும்பைவிட முக்கியம். குன்னூர் லோகோ ஷெட்டில் இரவோடு இரவாகக் குழாய் சுத்தம் செய்கிறவர்களும் இதே பாரம்பரியத்தில்தான் சேருவார்கள்.

பழைய ஸ்விஸ் இன்ஜின்களைக் கைவிட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவற்றில் ஒன்றிரண்டாவது ஓட வேண்டும், மற்றவை மழையில் நனையாமல் நிற்க வேண்டும்.

இந்தப் பாதை யார் யோசனை? எவ்வளவு காலம் ஆனது?

1854இலேயே பேச்சு தொடங்கியது. மலையேற முடியாமல் திட்டம் நின்றது. ஸ்விட்சர்லாந்தில் ரிகி மலை ரயிலைக் கட்டிய பொறியாளர் நிக்லாஸ் ரிகன்பாக் 1882இல் நீலகிரிக்கு வந்து பார்த்து மதிப்பீடு போட்டுக் கொடுத்தார். 1891இல் வேலை தொடங்கியது. நடுவில் ஒரு கம்பெனி பணமில்லாமல் மூழ்கி, வேறொன்று எடுத்து நடத்தியது. 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டிக்கு வந்து சேர்ந்தது 1908இல்தான். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். இவ்வளவையும் இந்தச் சரிவில் கட்டியவர்கள் கூலித் தொழிலாளர்கள். அடர்லி, ரன்னிமேடு என்று நிலையங்களுக்கு வெள்ளைக்காரப் பெயர்கள் நிலைத்துவிட்டன. கல் சுமந்தவர்களின் பெயர் ஒரு நிலையத்திலும் இல்லை.

யுனெஸ்கோ 2005இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டார்ஜிலிங் 1999இலேயே ஏற்கப்பட்டிருந்தது, கால்கா – சிம்லா 2008இல் சேர்ந்தது.

இந்த மூன்றில் எது சிறந்தது?

மூன்றும் ஒரே சிக்கலுக்கு மூன்று விடைகள். டார்ஜிலிங் பாதை 1881இல் முடிந்தது. அங்கே பல் வரிசை இல்லை. தன்னைத்தானே சுற்றி வரும் வளையங்களும், முன்னே போய்ப் பின்னே வந்து மேலே ஏறும் இசட் வடிவப் பாதைகளும் உண்டு. கால்கா – சிம்லா 1903இல் திறந்தது, 96 கிலோமீட்டரில் நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். மலையைத் துளைத்துச் சுற்றிச் சுற்றிப் போகும். நீலகிரி நேராகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. எனக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிக்கெட், நேரம், காலம்?

பல ஆண்டுகளாகக் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே வந்து சேரும். ஊட்டிக்கு ஏறச் சுமார் ஐந்து மணி நேரம், மதியம் ஊட்டியில் கிளம்பி இறங்க மூன்றரை மணி நேரம் சொச்சம். கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இருக்கை கொஞ்சம்தான் இருப்பதால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே ஐஆர்சிடிசியில் போட்டுவிடுவது நல்லது.

ஏப்ரல், மே கூட்டம் எனக்குப் பிடிக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் நிற்கலாம். பாதையில் பாறை உருண்டு வந்து கிடக்கும், ஆட்கள் போய் அகற்றுவார்கள், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் போங்கள். காற்று குளிர்ந்திருப்பதால் நீராவி வெண்மையாகத் திரண்டு நெடுநேரம் நிற்கும். வெயில் காலத்தில் அது கண்ணில் படும் முன்பே கரைந்துவிடும்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். இறங்கி ஒரு டீ குடியுங்கள். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், வடையை மறைத்து வையுங்கள். இன்ஜின் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை அந்த நேரத்தில் கேட்கலாம்.

படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கலாமா?

வேண்டாம். அனுமதி இல்லாமல் ரயில் பாதையில் நடப்பது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதைவிட முக்கியமாக, கல்லாறு பகுதி யானைகளின் வழித்தடம். ரயில் மெதுவாக வருகிறது என்று தைரியமாக நிற்கிறவர்கள் பின்னால் இருக்கும் காட்டை மறந்துவிடுகிறார்கள். மேட்டுப்பாளையம், ஹில்குரோவ், குன்னூர் நடைமேடைகளிலேயே அருமையான படங்கள் கிடைக்கும். முகத்துக்கு நேராக இன்ஜினை எடுப்பதைவிட, எண்ணெய்க் குவளையோடு இணைப்புத் தண்டுகளைச் சுற்றி வரும் ஊழியரை எடுங்கள். முதலில் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்டு, மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

சென்னையில் பழைய இன்ஜின் பார்க்க முடியுமா?

பெரம்பூர் பக்கம் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) நடத்தும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். திருச்சியிலும் 2014 முதல் ஒன்று இருக்கிறது.

இஐஆர் 21 என்ற இன்ஜினைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. உலகப் புகழ்பெற்ற ஃபேரி குவீன் இன்ஜினின் உடன்பிறப்பு. பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றதைப் பெரம்பூர் பணிமனையில் 2010இல் மீண்டும் ஓட வைத்தார்கள். சுதந்திர தினம் போன்ற நாட்களில் சென்னையில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1. அதைவிட ஒரு வயது மூத்த இன்ஜின் இது. இன்னும் மூச்சுவிடுகிறது.

வீட்டில் மாடல் ரயில் வைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் அளவு. உலகம் முழுக்க அதிகம் கிடைப்பது எச்ஓ, அசலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்காரர்களின் ஓஓ 76இல் ஒரு பங்கு, ஆனால் அதே தண்டவாளத்தில் ஓடும். இடம் குறைவென்றால் ‘என்’ (N) என்ற அளவு, 160இல் ஒரு பங்கு, 9 மில்லிமீட்டர் அகலம்.

எச்ஓவுக்கு எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்று போதும். அபார்ட்மெண்ட் வீட்டில் அதற்கும் இடமில்லை என்றால் ஒரு அடி அகலப் பலகையில் ஒரே ஒரு நிலையம் கட்டுங்கள். வட்டமாக ஓட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஒரு ரயில் வருவதும், இன்ஜினைக் கழற்றித் திருப்பி மாட்டுவதும், போவதும் போதும்.

கடலோர ஊர்களில் ஈரக்காற்று தண்டவாளத்தைக் கறுக்க வைக்கும். கறுத்தால் மின்சாரம் ஏறாது, இன்ஜின் விக்கி விக்கி நிற்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்ஜின் கெட்டுவிட்டது என்று நினைக்கும் பத்தில் எட்டு முறை அழுக்குதான் காரணம் என்பது என் அனுபவம்.

இந்திய இன்ஜின், பெட்டி மாடல்கள் கடைகளில் அரிதாகவே கிடைக்கும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்ஓ அளவில் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். 16.5 தண்டவாளத்தில் வைத்தால் இந்திய ரயில் குறுகிய கால்களில் நிற்பது போல் தெரியும். கண்ணுக்குப் பழகிவிடும், ஆனால் முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. புனேயில் ஜோஷியின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் ஆர்வம் பத்து மடங்காகும்.

மலை ரயிலையே மாடலாகச் செய்யலாமா?

செய்யலாம், அதுவும் நினைத்ததைவிட எளிது. ஒரு மீட்டர் அகலம் எச்ஓவில் 11.5 மில்லிமீட்டர். சந்தையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. ஸ்விஸ் மலை ரயில்களுக்காக ஜெர்மனியின் பேமோ நிறுவனம் இந்த அகலத்தில் தண்டவாளமும் பல் பட்டையும் செய்கிறது. நம் அகலப் பாதைக்குப் பொருந்தாத அளவு மீட்டர் கேஜுக்குக் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. நீலகிரிப் பெட்டிகளை நீங்களே அட்டையிலோ 3டி பிரிண்டரிலோ செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

முழுப் பாதையையும் அளவு மாறாமல் செய்ய நினைத்துக் கணக்குப் போட்டேன். 527 மீட்டர் நீளம் வேண்டும். மேட்டுப்பாளையத்தைத் தரையில் வைத்தால் ஊட்டி ஏழு மாடி உயரத்தில் இருக்கும்! அதனால் ஹில்குரோவ் நிலையம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். எட்டடிப் பலகையில் 12.28க்கு 1 ஏற்றம் வைத்தால் ஒரு முனை 20 சென்டிமீட்டர் உயரும். அந்தச் சாய்வில் பல் பட்டை இல்லாமல் மாடல் இன்ஜினும் வழுக்கத்தான் செய்யும். ஆப்ட் என்ன சிக்கலைத் தீர்த்தார் என்பது அப்போது விரல் நுனியில் புரியும்.

வெளிநாட்டில் பொதுமக்களே பழைய ரயிலை ஓட்டுகிறார்களாமே?

ஆமாம். வேல்ஸில் டல்லிலின் ரயில்வே மூடப்படும் நிலைக்கு வந்தபோது ஆர்வலர்கள் எடுத்து, 1951 முதல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உலகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்விட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப் பாதையின் கதை. 1982இல் புதிய சுரங்கம் திறந்ததும் பழைய மலைப் பாதை கைவிடப்பட்டது. அதில் ஓடிய பல்சக்கர நீராவி இன்ஜின்கள் சில 1947லேயே வியட்நாமின் தா லாட் மலைப் பாதைக்கு விற்கப்பட்டிருந்தன. அந்தப் பாதையும் போரில் நின்றுபோய், இன்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990இல் ஸ்விஸ் தன்னார்வலர்கள் வியட்நாமுக்குப் போய் அந்த இரும்புக் கூடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மீண்டும் ஓட வைத்தார்கள். பாதையையும் பகுதி பகுதியாகச் சீர்செய்து 2010இல் முழுவதும் திறந்தார்கள். அந்த இன்ஜின்களும் விண்டர்தூரில் எஸ்எல்எம் செய்தவைதான், ஆப்ட் முறைதான். நம் எக்ஸ் வகைக்கு உறவுக்காரர்கள் என்று சொல்லலாம்.

அவர்கள் பூமியைச் சுற்றிப் போய்த் தேடி எடுத்து வந்த வகை இயந்திரம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் காலையில் நீராவி கட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழு மணிக்கு முன்பே நடைமேடைக்குப் போய்விடுங்கள். பெட்டியில் ஏறும் முன் கடைசி வரை நடந்து இன்ஜினைப் பார்த்துவிட்டு வாருங்கள்.